ஏலக்காய்ப் பச்சையில் தெரிந்த அத்தா

என் பாசமுள்ள அத்தாவுக்கு,

உங்கள் மகள் ரஹ்மத் சலாம் சொல்கிறேன். நீங்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தான் வாசலில் நின்றபடி சொல்லும் சலாமைவிட இது கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்களுக்கு நிறையவே உண்டு. எனக்குத்தான் அது துளியும் கிடையாது என்று ஊர் முழுக்க நீங்களே சொல்லி வைத்திருக்கிறீர்களே.

முதலில் ஊர்ச் சேதி. மட்டாஞ்சேரி ஜெட்டியில் இப்போது ஏசி போட்ட படகு வந்து நிற்கிறது. நம் தெருவில் இருந்த கிடங்குகளில் பாதி, சுவரில் படம் மாட்டிச் சாயா விற்கும் இடங்களாகிவிட்டன. மீதிப் பாதியில் இன்னும் சுக்கு மூட்டை இறங்குகிறது, மூட்டை இறக்குகிறவர்கள் தும்மிக்கொண்டே நம் சாப்பாட்டுக் கடைக்கு வந்து உட்காருகிறார்கள். உங்கள் மருமகன் கபீர் கல்லாவில், நான் அடுப்படியில். மீன் தோப்பும்படித் துறைமுகத்திலிருந்துதான் வருகிறது. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு இன்னும் உங்கள் கை அளவுதான், ஆனால் பட்டை கொஞ்சம் குறைத்துவிட்டேன். நீங்கள் அதிகமாகப் போடுவீர்கள் என்று உயிரோடு இருந்தபோதே சொன்னேன், கேட்டீர்களா?

இப்போது பெரிய சேதி. அத்தா, உங்களுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துவிட்டோம்.

சிரிக்காதீர்கள். வெள்ளம் வந்த வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் உங்களை அடக்கம் செய்துவிட்டு, இத்தனை காலம் கழித்து இவள் வந்து நோய்க்குப் பேர் சொல்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேர் கிடைத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் அடுப்படியில் ஒரு வழக்கம் இருந்தது. சமைத்தவர் கடைசியில்தான் சாப்பிடுவார். கடைசி ஆள் கை கழுவி, கடைசி மேசையைத் துடைத்து, பெரிய தேக்சாப் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த பிறகுதான் நீங்கள் தட்டைக் கையில் எடுப்பீர்கள். அதற்குள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பார், நான் பிள்ளையைப் பார்க்கப் போயிருப்பேன். நீங்கள் சாப்பிட்டீர்களா, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்த வருஷங்களில் கடைப் பின்கட்டில் திரிந்த வெள்ளைப் பூனை ஏன் அப்படி ஆட்டுக்குட்டி மாதிரிக் கொழுத்தது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. எத்தனை நாள் தட்டை அப்படியே அதற்கு வைத்தீர்கள் அத்தா?

கேட்டால் உங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "அடுப்புக்கிட்ட நிக்கிறவனுக்கு எங்கம்மா பசி? ஆவி பட்டே வயிறு நிறைஞ்சு போகுது." இதை நாங்கள் மட்டுமா நம்பினோம்? கொச்சியில் கரண்டி பிடிக்கிற அத்தனை பேரும் இதைத்தான் சொல்வார்கள். கிளார்க் ஒருவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் வீடே கலங்கும். சமையல்காரர் தள்ளிவைத்தால் அது தொழில் என்று விட்டுவிடுவார்கள்.

நின்றால் தலை சுற்றுகிறது என்றீர்கள், அடுப்புச் சூடு என்றோம். ஒரு வாரம் வயிறு ஓடும், அடுத்த வாரம் கல்லாக இறுகிவிடும். மசாலா ருசி பார்க்கிற வயிறு அப்படித்தான் இருக்கும் என்று சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தோம். ராத்திரியில் விரல் மரத்துப்போகிறது என்று கையை உதறுவீர்கள். பெரிய கரண்டி பிடித்த கை என்றோம். உங்கள் உடம்பு சொன்ன ஒவ்வொன்றுக்கும் அடுப்படி ஒரு பதில் வைத்திருந்தது. நோய் நம் சமையல்கட்டில் ஏப்ரன் கட்டிக்கொண்டு கூடவே வேலை பார்த்திருக்கிறது, நாம் அதற்குச் சாயா கொடுத்து உட்காரவைத்திருக்கிறோம்.

அப்புறம் அந்த மூடி. அதை மறக்க முடியுமா? தம் போட்ட பிரியாணி தேக்சாவின் மூடி, மேலே கங்கு கொட்டிய மூடி, அதைத் துணி இல்லாமல் வெறுங்கையால் தூக்குவீர்கள். மூட்டை தூக்குகிற பழனி அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு கத்துவார்: "ராவுத்தரே, கையா அது, இரும்பா!" அந்த மூடி திறப்பதைப் பார்க்கவே வெள்ளிக்கிழமைகளில் ஆள் நிற்கும். எனக்கும் பெருமைதான். பள்ளிக்கூடத்தில் என் தோழிகளிடம் அளந்து விட்டதை விட அதிகமாகவே என் மகளிடம் அளந்து விட்டிருக்கிறேன்.

டாக்டர்கள் தேடாமல் இல்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். குடல் காசநோயாக இருக்கலாம் என்று அதற்கு மருந்து கொடுத்தார்கள். கடைசியில் குடல் அடைப்பு என்று வயிற்றைத் திறந்தார்கள், உள்ளே அடைப்பே இல்லை. திரும்பித் தைத்து அனுப்பினார்கள். மயக்கம் தெளிந்ததும் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "திறந்து பாத்துட்டாங்கல்ல? உப்பு, காரம் எல்லாம் சரியா இருக்காமா?" அன்றைக்கு வார்டே சிரித்தது. சில மாதங்களில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. மெலிந்து மெலிந்து, கட்டிலில் போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியாமல் போயிருந்தீர்கள்.

போன வருஷம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எனக்கு ஆரம்பித்தது. இரண்டு வாய் சோறு உள்ளே போனால் கழுத்து வரை நிறைந்த மாதிரி இருக்கும். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். "ஆவி பட்டே நிறைஞ்சிருச்சு" என்றேன். உங்கள் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னேன், அன்றைக்கு நாங்கள் நம்பிய மாதிரியே உங்கள் மருமகனும் நம்பினார். நான் மெலிந்ததைப் பார்த்துத் தெருப் பெண்கள் எல்லாம் "என்ன சாப்பிடுற, எங்களுக்கும் சொல்லு" என்று கேட்டார்கள். சாப்பிடாமல் இருப்பதுதான் ரகசியம் என்று சொல்லிச் சிரித்தேன்.

ஒரு நாள் மீன் அரிந்துவிட்டு எழுந்தேன், அப்படியே விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது பழனி அண்ணன் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன வார்த்தை என்னை எழுப்பி உட்காரவைத்தது. "உங்க அத்தாவும் இதே எடத்துலதாம்மா விழுந்தாரு." அன்றைக்குத்தான் கபீர் கடையை அடைத்தார். வெள்ளிக்கிழமை வேறு. பாலம் தாண்டி, உங்களைச் சேர்த்திருந்த அதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே எனக்கு வாய்த்த வயிற்று டாக்டரம்மா பாலக்காட்டுக்காரர். அவர் தமிழில் பாதி மலையாளம், என் மலையாளத்தில் பாதி தமிழ், நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம். என்னைவிட வயது குறைவுதான், அக்கா என்பதற்கு இத்தா என்று கூப்பிடுவார். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கு டாக்டர்கள் உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று. ஆனால் அதோடு விடவில்லை. சரியாக இருக்கிற இடத்திலிருந்தே அரிசிமணி அளவு சில துணுக்குகளைக் கிள்ளி எடுத்திருந்தார். "எனக்கு ஒரு சம்சயம் இத்தா. கண்ணுக்குத் தெரியாத சங்கதி சிலது உண்டு. ஒரு பிரத்யேகச் சாயம் போட்டு நோக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

இதுதான் அத்தா விஷயம். வழக்கமாகப் போடும் சாயத்தில் அந்த நோய் வெளிறிய ரோஜா நிறத்தில் சும்மா கிடக்குமாம், மற்றதோடு மற்றதாகக் கலந்து. அதற்கென்றே ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது. யாரோ ஒரு காலத்தில் துணிக்குப் போடுவதற்காகக் கண்டுபிடித்த சாயம் அது! அதைப் போட்டு, ஒரு தனி வெளிச்சத்தில் பார்த்தால்தான் அது முகம் காட்டும். அதைத் தேட வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் ஒழிய அது அகப்படாது.

அது அகப்பட்டது. பேர் அமிலாய்டோசிஸ். கஞ்சி மாதிரி என்பதுதான் அந்தப் பேருக்கு அர்த்தமாம். முதன்முதலில் பார்த்தவர்கள் உடம்புக்குள் மாவுச்சத்து படிந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்களாம். உண்மையில் அது புரதம். உடம்பே உண்டாக்குகிற புரதம் ஒன்று மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கரையாமல் அங்கங்கே படிந்துவிடுகிறது. குடலில் படிந்தால் குடல் அசைய மறக்கிறது. நரம்பில் படிந்தால் விரல் மரக்கிறது. இதயத்தில் படிந்தால் அது இறுகிப்போகிறது. எனக்குத் தேக்சாவின் அடியில் பிடித்த சோறுதான் ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அடிப்பிடிச்சதைச் சுரண்டலாம் இத்தா, இதைச் சுரண்ட முடியாது. இனி பிடிக்காம நோக்கலாம்" என்றார்.

ஆனால் எது அடிப்பிடிக்கிறது என்று தெரிந்தால்தானே தீயைக் குறைக்க முடியும்? இந்த நோயில் வகைகள் உண்டு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஒரு வகை இருக்கிறது, அது வேகமானது, அதற்குப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாதிரி ஊசி. ஈரல் உண்டாக்கும் புரதத்தால் வரும் இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு அந்த ஊசியால் பிரயோசனம் இல்லை, உடம்பைத்தான் உருக்கும். என் ரத்தத்தில் முதல் வகைக்கான அடையாளம் கொஞ்சம் தெரிந்தது. கிள்ளிய துணுக்கோ மிகச் சிறியது, வகை பிரிக்கப் போதவில்லை. ரத்த நோய் டாக்டர் தாமதிக்க வேண்டாம் என்றார். ஊசிக்கு நாள் குறித்தாயிற்று. முடி கொட்டுமா என்று உங்கள் பேத்தி சனா கேட்டாள். கொட்டினால் பிரியாணியில் முடி கிடக்கிறது என்கிற புகார் குறையும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஊசிக்கு முன்னால் டாக்டரம்மா என்னை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தார். "முதல்ல இருந்து எல்லாம் பறயுங்க. நோயைப் பத்தி மட்டும் இல்ல, வீட்டைப் பத்தி." அத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். வயிற்றுக்கோளாறு, என்னவென்று யாருக்கும் தெரியவில்லை என்றேன். எப்படிப்பட்டவர் என்றார். அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. உங்கள் பிரியாணியைச் சொன்னேன், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைச் சொன்னேன். பெருமை தாங்காமல் மூடிக் கதையையும் சொன்னேன். கங்கு கொட்டிய மூடியை வெறுங்கையால் தூக்குவார் டாக்டர், ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை என்றேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"சுட்டா அத்தாக்குத் தெரியாதா?"

"தெரியாது டாக்டர். கை பழகிப்போச்சு."

"கொப்புளம் வருமா?"

வரும். சில நாள் உள்ளங்கை முழுக்க வரும், மறுநாள் காலையில்தான் பார்ப்பீர்கள், பார்த்துவிட்டு எண்ணெய் தடவிக்கொள்வீர்கள். அதைச் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவர் என் கையைப் பிடித்து, மேசைமேல் இருந்த சாயா கிளாஸின்மேல் என் விரலை வைத்தார். "சூடா, தணுப்பா?" என்றார். நான் கிளாஸைப் பார்த்தேன், ஆவி வருகிறது. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை அத்தா. எனக்கு எப்போதிலிருந்து தெரியவில்லை என்றும் தெரியவில்லை.

அதே ஆஸ்பத்திரியில்தானே உங்கள் வயிற்றைத் திறந்தார்கள், அன்றைக்குக் குடலில் ஒரு துண்டு எடுத்தார்களா என்று கேட்டார். எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்றேன். "ஒண்ணும் இல்லைங்கறது சரியில்ல இத்தா. அந்தச் சாயம் போட்டிருக்க மாட்டாங்க" என்றார். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்படி எடுத்த துண்டுகளைத் தூக்கி எறிய மாட்டார்களாம். மெழுகில் பதித்து, எண் போட்டு, வருஷக்கணக்கில் வைத்திருப்பார்களாம். நீங்கள் இன்னும் அங்கே இருக்கலாம் என்றார்.

அதைத் தேடி எடுத்துச் சோதிக்கும்வரை ஊசியைத் தள்ளிவைக்கலாமா? அங்கேதான் சிக்கல். அந்த வேகமான வகையாக இருந்தால் ஒவ்வொரு நாள் தாமதமும் என் இதயத்துக்குக் கேடு. அந்த வகை இல்லை என்றால் ஊசியே கேடு. ரத்த டாக்டரும் டாக்டரம்மாவும் என் முன்னாலேயே வாதாடினார்கள், நல்ல மனிதர்கள், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கபீர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு ரஹ்மத்." நான் சொன்னேன்: "கடைசி ஆளு சாப்பிட்டு முடியற வரைக்கும் காத்திருந்தே பழகின குடும்பம் டாக்டர். அத்தாவுக்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்கேன்." தைரியத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மாவிடம் சொன்னபோதுதான் பெரிய பூகம்பம். "என்னடி சொல்ற? அவரை முழுசா அடக்கலையா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். குளிப்பாட்டிக் கபன் துணி போட்டு மண்ணில் வைத்த மனிதரில் ஒரு துண்டு மேலே இருக்கிறது என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதை வாங்கி உங்கள் பக்கத்தில் அடக்க வேண்டும் என்றார். பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்க ஆள் அனுப்பினார். அவரோ, ஒரு உயிருக்கு உதவுமானால் முதலில் உதவட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்.

கிடைத்தீர்கள் அத்தா. பழைய அறையில், மூலையில், உங்கள் எண்ணோடு. ஆய்வகத்து டாக்டர், நரைத்த தாடி வைத்த ஒரு சேட்டன், என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மெழுகுக் கட்டி. அதன் நடுவில் பருப்பளவில் பழுப்பாக ஒன்று. கையில் வாங்கலாமா என்று கேட்டேன், கொடுத்தார். நான் இத்தனை வருஷம் வானத்தைப் பார்த்து உங்களோடு பேசியிருக்கிறேன். நீங்கள் இங்கே பாலத்துக்கு அந்தப் பக்கம், மெழுகுக்குள், யாராவது சரியான கேள்வியைக் கேட்க வருவார்களா என்று இருந்திருக்கிறீர்கள். சலாம் சொன்னேன். அந்தச் சேட்டன் கேட்காத மாதிரித் திரும்பிக்கொண்டார்.

மயிரிழையைவிட மெல்லியதாக ஒரு சீவல் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சிவப்புச் சாயம் போட்டிருந்தார்கள். "இத்தாக்குக் காணணுமோ?" என்று கேட்டு, நுண்ணோக்கியின் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டார். முதலில் பார்த்தபோது செங்கல் நிறத்தில் ஏதோ வழிந்து கிடந்தது, அவ்வளவுதான். "லென்ஸ்ல இருந்து கண்ணெடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு வளையத்தைத் திருப்பினார். எல்லாம் இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து பச்சை எழுந்தது.

என்ன பச்சை அது! ரத்தக் குழாய்களைச் சுற்றி வளையம் வளையமாக, தசைக்கு நடுவில் கோடு கோடாக, விளக்கு ஏற்றிய மாதிரி மினுங்குகிறது. அவர் வளையத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினார், ஓர் இடம் அணைந்தது, வேறோர் இடம் ஒளிர்ந்தது. சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. உங்களைக் கொன்றது அதுதான். என்னைத் தின்றுகொண்டிருப்பதும் அதுதான். அது அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குத் தொழ வேண்டும் போல இருந்தது. இது சரியா தப்பா என்று நீங்களாவது சொல்லுங்கள்.

"ஆப்பிள் பச்சைன்னு எங்க புஸ்தகத்துல எழுதியிருக்கும்" என்றார் அந்தச் சேட்டன்.

"ஆப்பிள் இல்ல டாக்டர், இது ஏலக்காய்ப் பச்சை. புதுசா வந்த ஏலக்காய். எங்க தெருவுல வந்து பாருங்க" என்றேன். அவர் மறுபடி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிதான் இத்தா" என்றார். இத்தனை வருஷம் எங்களோடு ஏலக்காய் பொறுக்கி எடுத்த மனிதருக்குள் ஏலக்காய்ப் பச்சை, வேறென்ன இருக்கும்?

என் துணுக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதிலும் அதே பச்சை, கொஞ்சம் குறைவாக. தகப்பனுக்கும் மகளுக்கும் மூக்கு ஒரே மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். அதைவிட உள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், நாம் ஒரே மாதிரி இருந்திருக்கிறோம்.

உங்கள் துண்டு பெரியது, வகை பிரிக்கப் போதுமானது. வேறு ஊருக்கு அனுப்பினார்கள். என் ரத்தத்தையும் பரம்பரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் நான் பிரியாணிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன், வந்தவர்கள் ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மாவே போன் செய்தார். ஈரல் புரதம்தான். குடும்பத்தில் இறங்கி வருகிற வகை. ரத்தத்தில் தெரிந்த அந்த அடையாளம் சும்மா கூட வந்த ஒன்று, அதைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். "ஊசி வேண்டாம் இத்தா. அத்தா தடுத்துட்டாரு" என்றார். ரத்த டாக்டரும் அன்று மாலை கூப்பிட்டு, காத்திருந்தது நல்லதாயிற்று என்று அவர் வாயாலேயே சொன்னார்.

இப்போது தினமும் மாத்திரை. படிந்தது போகாது, இனிப் படிவது குறையும். இதயத்தில் கொஞ்சம் தொட்டிருக்கிறது, நிறைய இல்லை. எழும்போது மெதுவாக எழுகிறேன், காலில் இறுக்கமான உறை போட்டுக்கொள்கிறேன். விரலுக்குப் போன உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன், திரும்பும் என்று டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. முடிவு வந்த மறுநாள், அந்த மெழுகை வாங்கி அடக்குவதற்கு மனு எழுதித் தரட்டுமா என்று நானே கேட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வேண்டாம்டி. அவரு எப்பவும் எல்லாரும் போனப்புறந்தானே எடத்தை விட்டுக் கிளம்புவாரு. அங்கேயே இருக்கட்டும். சனாவுக்குத் தேவைப்பட்டா?" என்றார். அப்புறம் கீரையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு அழுதார்.

ஆமாம், சனா. குடும்பத்தில் இறங்கி வருகிறது என்றால் எங்கே இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. களமசேரியில் படிக்கிறாள், வயது வந்த பிள்ளை. சோதனை செய்துகொள்வதா வேண்டாமா, எப்போது செய்துகொள்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளும் யோசிக்கிறேன் என்றாள். நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

கடையில் வழக்கத்தை மாற்றிவிட்டேன். இப்போது சமைத்தவர்தான் முதலில் சாப்பிடுவார். முதல் ஆள் உட்காரும் முன்னால், வாசல் பக்கத்து மேசையில், எல்லோரும் பார்க்க நான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல தடவை. பழனி அண்ணன் தலைமையில் மூட்டைக்காரர்கள் வெளியே நின்று பார்ப்பார்கள். "அம்மா, இன்னும் ரெண்டு வாய் பாக்கி இருக்கு" என்று அவர் அதட்டுவார். தட்டு காலியானால்தான் உள்ளே வருகிறார்கள். பின்கட்டுப் பூனைகள் எல்லாம் இளைத்துவிட்டன.

போன வெள்ளிக்கிழமை சனா லீவுக்கு வந்திருந்தாள். நான் சொல்வதற்குள், தாத்தா மாதிரி திறக்கிறேன் பார் என்று சொல்லிக்கொண்டே, தேக்சா மூடியை வெறுங்கையால் தொட்டுவிட்டாள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

"அம்மா! சுடுது! அய்யோ, சுடுதும்மா!"

கத்தின கத்தலில் பழனி அண்ணன் உள்ளே ஓடி வந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவள் விரல்களைப் பிடித்தேன். சிவந்திருந்தன. நன்றாகச் சிவந்திருந்தன. "எல்லா விரலும் சுடுதாடி?" என்றேன். "எல்லாந்தான்!" என்று அழுதாள். "ரொம்பச் சுடுதா?" "ஆமாங்கிறேன்ல!" நான் அந்த விரல்களை முத்தமிட்டேன் அத்தா. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அடுப்பு முன்னாலேயே அழுதேன். வலியில் துடிக்கிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இவள் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறாள் என்று வெளியே நின்றவர்கள் விழித்தார்கள். கபீருக்குப் புரிந்தது. அவர் கல்லாவிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார். இது ஒரு சோதனை ஆகாது, இன்றைக்குச் சுடுகிற கை நாளைக்கு மரக்கலாம், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சுட்டதே.

அத்தா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த அடுப்படியில் இனி சுடாத கையை ஒருவரும் கைதட்டிக் கொண்டாட மாட்டோம். சுடுகிறது என்று கத்துகிறவர் கையைத்தான் பிடித்துக்கொள்வோம். உங்கள் மூடியை ஆணியில் மாட்டியிருக்கிறேன், பக்கத்தில் இரண்டு தடித்த துணியும் தொங்குகிறது. நீங்கள் மெழுகுக்குள் பத்திரமாக இருங்கள். எங்களில் யாராவது வந்து மறுபடி கேட்டால், அந்தப் பச்சையில் பதில் சொல்லுங்கள். எனக்குச் சோறு போட்டாயிற்று, பழனி அண்ணன் வாசலில் நின்று முறைக்கிறார். சாப்பிடப் போகிறேன்.

உங்கள் மூக்கும், உங்கள் வாயும், உங்கள் வயிறும் வாய்த்த,
உங்கள் ஒரே மகள்
ரஹ்மத்